'ஜம்பெட்'டா, 'ஜம்ப்ட்'டா? ஆங்கில வினைச்சொல்லின் வாலைப் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்லித் தருகிறீர்கள்?

#1 தென்காசிப்பெண்

எல்லோருக்கும் வணக்கம். என் மகள் மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். தமிழ் தடையில்லாமல் வாசிப்பாள். ஆங்கிலமும் எழுத்துக்கூட்டி வாசித்துவிடுகிறாள். ஒரே இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறாள். இறந்தகால வினை வந்தால் போதும், கடைசியில் இருக்கும் இ-டியைத் தனியாக ஒரு அசையாக இழுத்து 'வாக்-கெட்', 'ஜம்-பெட்', 'லாஃப்-ஃபெட்' என்று வாசிக்கிறாள்.

நேற்று ராத்திரி படுக்கப்போகும் முன் ஒரு நரிக்கதை வாசித்தோம். 'தி ஃபாக்ஸ் ஜம்-பெட்' என்றாள். 'ஜம்ப்ட்' என்று திருத்தினேன். உடனே புத்தகத்தை என் பக்கம் திருப்பி, அந்த 'இ' மேல் விரலை வைத்து, "அப்ப இது எதுக்கும்மா இங்க இருக்கு?" என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. "ஆங்கிலம் அப்படித்தான்" என்று சொல்லி விளக்கை அணைத்துவிட்டேன். அது இன்னும் மனதை உறுத்துகிறது.

நானும் அவளைப்போலவே படித்து வளர்ந்தவள்தான். வேலைக்குப் போன பிறகு, பக்கத்தில் உட்கார்ந்திருந்த தோழி சொல்லித்தான் திருத்திக்கொண்டேன். அவளுக்கு அவ்வளவு காலம் ஆக வேண்டாம் என்று நினைக்கிறேன். 'வான்டெட்' மட்டும் ஏன் இரண்டு அசையாக நிற்கிறது, 'வாக்ட்' ஏன் நிற்பதில்லை? மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்குப் புரிகிற மாதிரி யாராவது சொல்லுங்களேன்.

#2 சுண்ணக்கட்டி

அம்மா, உங்கள் மகள் கேட்டது நல்ல கேள்வி. அரசு தொடக்கப்பள்ளியில் 22 வருடமாக ஆங்கிலமும் தமிழும் எடுக்கிறேன். இந்தக் கேள்வியைக் கேட்கிற பிள்ளை எழுத்தை உற்றுப் பார்க்கிறது என்று அர்த்தம்.

எழுதும்போது குழப்பம் வராமல் இருக்க ஒன்று சொல்லிக்கொள்கிறேன். டீக்கடையில் வரும் எழுத்தை 'டீ' என்றும், டிசம்பரில் வரும் எழுத்தை 'டி' என்றும் எழுதுகிறேன்.

என் வகுப்பில் பிள்ளைகள் இ-டியை 'இடி' என்றே சொல்வார்கள். அந்த இடி மூன்று விதமாகக் கேட்கும். அந்த மூன்றுக்கும் நான் தமிழிலேயே பெயர் வைத்திருக்கிறேன்: பட்டு, பாடு, இடு.

'பட்டு' என்று சொல்லிப் பாருங்கள், ட் அழுத்தமாக வரும். 'பாடு' என்று சொல்லுங்கள், அதே எழுத்துதான், ஆனால் தளர்ந்து வரும். தமிழ்ப்பிள்ளைக்கு இந்த இரண்டு ஒலியும் ஏற்கெனவே நாக்கில் இருக்கிறது. நாம் ஒரே எழுத்தால் எழுதுவதால் இரண்டும் வேறு என்று தெரியாமல் இருக்கிறது, அவ்வளவுதான்.

இப்போது பிள்ளையின் விரலைத் தொண்டையில் வைக்கச் சொல்லுங்கள். 'வாக்' என்ற சொல்லின் கடைசி ஒலியை மட்டும் சொல்லும்போது தொண்டை அதிராது. அதிராத ஒலிக்குப் பின்னால் இடி வந்தால் 'பட்டு': வாக்ட், வாஷ்ட், லாஃப்ட், டான்ஸ்ட். 'கால்' என்று சொல்லி அந்த ல்-லை நீட்டினால் தொண்டை அதிரும். அதிர்ந்தால் 'பாடு': கால்ட், பிளேய்ட், ஓபன்ட், கிரைட். ஏற்கெனவே டீயோ டியோ ஒலித்து முடிகிற சொல்லாக இருந்தால் 'இடு': வான்டிட், பெயின்டிட், நீடிட், ஷவுட்டிட். இந்த மூன்றாவது கூட்டத்துக்கு மட்டும்தான் கூடுதலாக ஒரு அசை கிடைக்கும். ஏனென்றால் ஒரு ட்-டின் மேலேயே இன்னொரு ட்-டை வாய் சொல்ல முடியாது, நடுவில் ஒரு இகரம் போட்டால்தான் முடியும். 'மணி'யும் 'அழகு'ம் சேரும்போது நடுவில் நாம் ஒரு ய் போட்டு மணியழகு என்கிறோமே, அதுபோல என்று சொன்னால் பிள்ளைகள் பிடித்துக்கொள்கிறார்கள்.

கவனிக்க வேண்டியது, எழுத்தைப் பார்க்கக் கூடாது, காதைக் கேட்க வேண்டும். 'லாஃப்' என்பதன் கடைசி எழுத்துகள் ஜி-யும் எச்-சும். ஆனால் வாயில் வருவது ஃப். 'டான்ஸ்' முடிவது இ-யில். வாயில் வருவது ஸ். எழுத்தைப் பார்க்கிற பிள்ளை இந்த இடங்களில் தவறும்.

இன்று சாயங்காலம் ஒன்று செய்யுங்கள். மூன்று எவர்சில்வர் டம்ளர், ஒரு கைப்பிடி புளியங்கொட்டை. டம்ளருக்குக் கீழே பட்டு, பாடு, இடு என்று துண்டுச்சீட்டு. நீங்கள் சொல்லைச் சொல்லுங்கள், அவள் கொட்டையைப் போடட்டும். புத்தகம் வேண்டாம், எழுத்தும் வேண்டாம். ஒரு நாளைக்கு பத்து சொல் போதும். காது பழகிய பிறகு எழுத்துக்கு வரலாம்.

#3 ஸ்காபரோ_அம்மா

இதை வாசிக்க எனக்கு ஆச்சரியமாக இருக்கிறது, ஏனென்றால் எங்கட வீட்டில் அப்படியே தலைகீழ். நாங்கள் யாழ்ப்பாணம், இப்ப கனடாவில் இருக்கிறோம். மகனுக்கு ஆறு வயது. ஆங்கிலம் கதைப்பதில் ஒரு பிழையும் இல்லை. 'ஜம்ப்ட்' எண்டு சரியாகத்தான் சொல்லுவான். எழுதச் சொன்னால் ஜே-யு-எம்-பி-டீ. 'வாஷ்ட்' எண்டால் கடைசியில் எஸ்-எச்-டீ. 'வான்டிட்' எண்டால் ஐ-டி.

அம்மம்மாவுக்கு ஊருக்கு ஒரு பிறந்தநாள் அட்டை செய்தான். 'ஐ மிஸ்ட் யூ' எண்டு எம்-ஐ-எஸ்-டீ போட்டு எழுதியிருந்தான். அது மூடுபனியைச் சொல்லும் சொல். அம்மம்மாவுக்கு அது ஒன்றும் தெரியாது, அட்டையைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறா.

ஆனால் சனிக்கிழமை அனுப்புகிற டியூஷன் நிலையத்தில் இதே பிழைக்கு 25 தரம் எழுத வைத்தார்கள். வீட்டுக்கு வந்து, எனக்கு எழுத்து வராது எண்டு அழுதான். அந்த நிலையத்தை நிப்பாட்டிவிட்டேன். ஆனால் எப்படிச் சொல்லிக் குடுப்பது எண்டு எனக்கும் தெரியவில்லை.

நாங்கள் இந்த ஒலியை ர போட்டு 'ரீச்சர்' எண்டு எழுதுகிற ஆட்கள். இங்கே குழப்பம் வராமல் உங்களைப்போலவே ட போட்டு எழுதுகிறேன்.

#4 சுண்ணக்கட்டி

அக்கா, முதலில் உங்கள் மகனிடம் ஒன்று சொல்லுங்கள்: "உன் காது சரி." எம்-ஐ-எஸ்-டீ என்று எழுதிய பிள்ளை தான் கேட்டதை அப்படியே, துல்லியமாக எழுதியிருக்கிறது. 'மிஸ்' அதிராத ஒலியில் முடிகிறது, அதனால் பட்டு-ட்தான் கேட்கும். அவன் அதைக் கேட்டிருக்கிறான். என் வகுப்பில் யாராவது ஜம்ப்ட் என்பதற்கு டீ போட்டால் எனக்குச் சந்தோஷம்தான், ஏனென்றால் எங்கள் ஊரில் அதைக் கேட்கிற காது கிடைப்பது அரிது. அதற்குப்போய் 25 தரம் எழுத வைத்தால், "உன் காதை நம்பாதே" என்றல்லவா பிள்ளைக்குச் சொல்கிறோம்?

தென்காசி அம்மாவின் மகளுக்கு எழுத்து தெரியும், ஒலி தெரியாது. உங்கள் மகனுக்கு ஒலி தெரியும், எழுத்து தெரியாது. இருவருக்கும் சொல்ல வேண்டிய சேதி ஒன்றேதான்: இ-டி என்பது ஒலியைக் காட்டுகிற எழுத்து இல்லை. 'முடிந்துபோன செயல்' என்று காட்டுகிற முத்திரை. வாய் மூன்று விதமாகச் சொன்னாலும் கை ஒரே விதமாகத்தான் எழுதும்.

மகன் எழுதும்போது ஒரே ஒரு கேள்வி கேட்கப் பழக்குங்கள்: "இது யாரோ செய்து முடித்த வேலையா?" ஆமாம் என்றால் இடி. மூடுபனி ஒரு வேலை இல்லை, அதனால் டீ. 'மிஸ்' பண்ணுவது ஒரு வேலை, அதனால் எம்-ஐ-எஸ்-எஸ், அப்புறம் இ-டி. 'பாஸ்ட்' என்ற ஒலிக்கும் இப்படி இரண்டு சொல் உண்டு. கடந்த காலம் என்றால் எஸ்-டீ. பரீட்சையில் பாஸ் ஆனான் என்றால் இரட்டை எஸ், இ-டி. ஒலி அச்சு அசல் ஒன்று. பொருளைக் கேட்டால்தான் எழுத்து கிடைக்கும்.

தமிழோடு ஒப்பிட்டும் காட்டலாம். செய்தான், உண்டான், சென்றான், ஓடினான். நம் இறந்தகாலத்துக்கும் த், ட், ற், இன் என்று பல உருவம் இருக்கிறது. நாம் வாயில் வருகிறபடி ஒவ்வொன்றையும் வேறு எழுத்தில் எழுதுகிறோம். ஆங்கிலம் ஒரே எழுத்தில் எழுதி, வாயை மாற்றிக்கொள்ளச் சொல்கிறது.

#5 மொழிப்பித்தன்

"அந்த இ எதுக்கு இருக்கு?" என்ற கேள்விக்கு வரலாற்றிலேயே பதில் இருக்கிறது, அதைக் குழந்தையிடம் தாராளமாகச் சொல்லலாம். ஒரு காலத்தில் அந்த இ-யை வாய்விட்டே சொன்னார்கள். பழைய ஆங்கிலத்தில் இறந்தகால வால் தனி அசைதான். அப்புறம் பேச்சில் அந்த உயிர் மெல்ல மெல்ல விழுந்தது. 1712-இல் எழுத்தாளர் ஜோனதன் ஸ்விஃப்ட் ஆங்கிலத்தைத் திருத்தக் கோரி ஒரு அறிக்கை வெளியிட்டார். அதில் 'டிஸ்டர்ப்ட்', 'ரிபியூக்ட்' என்று உயிரை விழுங்கி மெய்களை ஒன்றோடொன்று மோதவிடுகிறார்களே என்று வருந்துகிறார். அவர் வருந்தியும் பேச்சு நிற்கவில்லை. எழுத்து மட்டும் பழைய இடத்திலேயே நின்றுவிட்டது. ஆக, உங்கள் மகள் வாசிப்பது ஒரு காலத்தில் சரியாக இருந்த வாசிப்பு.

மிச்சமும் இருக்கிறது. 'நேக்கிட்', 'விக்கிட்', 'கிரூக்கிட்' போன்ற பெயரடைகளில் அந்த அசை இன்னும் உயிரோடு இருக்கிறது. 'லேர்ன்ட்' என்றால் கற்றான். 'லேர்னிட்' என்றால் கற்றறிந்தவர். எழுத்து இரண்டுக்கும் ஒன்றுதான்.

இன்னொன்று. 1958-இல் ஜீன் பெர்கோ என்ற ஆய்வாளர் அமெரிக்காவில் 4 முதல் 7 வயதுவரை உள்ள குழந்தைகளிடம் ஒரு சோதனை செய்தார். அவராகவே சொற்களை உருவாக்கினார். அந்தக் குழந்தைகள் அதுவரை கேட்டிராத சொற்கள் அவை. ஒருவன் 'ரிக்' செய்கிறான் என்று படம் காட்டி, "நேற்றும் அதையே செய்தான், நேற்று அவன்...?" என்று நிறுத்துவார். குழந்தைகள் 'ரிக்ட்' என்று முடித்தார்கள். யாரும் சொல்லிக் கொடுத்திருக்க முடியாத சொல், அதனால் குழந்தைகள் விதியைத் தாங்களே உள்வாங்கியிருக்கிறார்கள் என்று தெரிந்தது. ஆனால் 'மாட்' என்று ட்-டில் முடிகிற சொல்லைக் கொடுத்தபோது பலர் வாலே சேர்க்காமல் 'மாட்' என்றே விட்டுவிட்டார்கள். ஆங்கிலம் தாய்மொழியான குழந்தைக்கே சுண்ணக்கட்டி ஐயா சொன்ன 'இடு' டம்ளர்தான் கடைசியாக நிரம்புகிறது. 'ஹீ வான்ட்' என்று உங்கள் பிள்ளை நிறுத்திவிட்டால் பதற வேண்டாம்.

#6 கோவை_அப்பா

மன்னிக்கவும், எனக்கு ஒரு சந்தேகம். பேசும்போது யார் தொண்டையில் விரல் வைத்துப் பார்க்கப்போகிறார்கள்? இத்தனை விதி சொன்னால் பிள்ளை வாயைத் திறக்கவே பயப்படும். என் இரண்டு பிள்ளைகளும் கதை கேட்டு, பாட்டு கேட்டுத்தான் கற்றார்கள். நான் ஒரு விதியும் சொன்னதில்லை. கேட்கவிட்டால் தானாக வரும் என்பது என் அனுபவம். அப்புறம், நம்மவர்கள் 'வாக்டு' என்று ஒரு உகரம் சேர்த்துச் சொன்னால்தான் என்ன? அது நம் உச்சரிப்பு. அதில் வெட்கப்பட என்ன இருக்கிறது?

#7 சுண்ணக்கட்டி

சார், நீங்கள் சொல்வதில் பாதி முழுக்க உண்மை. கேட்பதுதான் முதல் வழி. உங்கள் வீட்டில் கேட்க வழி இருந்தது. என் வகுப்பில் 31 பிள்ளைகள், பெற்றோர் பெரும்பாலும் செங்கல்சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் போகிறவர்கள். அந்த வீடுகளில் ஆங்கிலம் காதில் விழவே விழாது. அந்தப் பிள்ளைக்கு ஆங்கிலம் கண் வழியாக, பாடப்புத்தகத்திலிருந்துதான் வருகிறது. கண் வழியாக வந்தால் 'வாக்-கெட்' என்றுதான் வரும். காதால் கேட்டுப் பழக வழியில்லாத பிள்ளைக்கு விதியையாவது கொடுக்க வேண்டாமா? பேசும்போது யாரும் தொண்டையைத் தொட மாட்டார்கள். ஒரு மாதம் புளியங்கொட்டை போட்ட பிறகு தொட வேண்டியும் இருக்காது.

உகரம் பற்றி நீங்கள் சொன்னது சரி. தமிழில் எந்தச் சொல்லும் வல்லினமெய்யில் முடியாது. அதனால் நம் வாய் தானாக ஒரு குற்றியலுகரத்தைச் சேர்க்கும். அதற்காக நான் ஒரு பிள்ளையையும் திருத்துவதில்லை. 'வாக்டு' என்றால் கேட்கிறவருக்குப் புரியும். 'வாக்கெட்' என்றால் அது என்ன சொல் என்று யோசிப்பார். நான் திருத்துவது இரண்டாவதை மட்டும்தான்.

உகரம் போக வேண்டும் என்று விரும்பினால் சுலபமான வழி ஒன்று உண்டு. உயிரில் தொடங்குகிற சொல்லைப் பின்னால் சேர்த்துச் சொல்லச் சொல்லுங்கள். 'வாக்ட் இன்', 'ஜம்ப்ட் அப்', 'லுக்ட் அட்'. அந்த ட் அடுத்த சொல்லோடு ஒட்டி 'வாக்-டின்', 'ஜம்ப்-டப்' என்று ஆகிவிடும். 'காடு இல்லை' என்பதை நாம் 'காடில்லை' என்று சொல்லும்போது உகரம் ஓடிவிடுகிறது அல்லவா, அதே வேலைதான்.

#8 தென்காசிப்பெண்

டம்ளர் விளையாட்டை நேற்று விளையாடினோம். சமையலறைத் தரையில் உட்கார்ந்து, ஒரு மணி நேரம் போனதே தெரியவில்லை. ஓபன்ட், கால்ட், பிளேய்ட் எல்லாம் உடனே 'பாடு'வில் போட்டாள். பெயின்டிட் சொன்னதும் கைதட்டி அசை எண்ணி, "இதுக்கு ரெண்டு தட்டு" என்று 'இடு'வில் போட்டாள். லாஃப்ட் வந்தபோது கொட்டையைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் 'ஃப்... ஃப்...' என்று உள்ளங்கையில் ஊதிப் பார்த்தாள், அப்புறம் 'பட்டு'. எனக்கு நெஞ்சு நிறைந்துபோனது.

ஒரே ஒரு இடம் புரியவில்லை. 'ஜம்ப்ட்'டை 'பாடு'வில் போட்டாள். 'தேங்க்ட்'டையும் அப்படியே. தொண்டை அதிருகிறது என்று அடித்துச் சொல்கிறாள். நானும் தொட்டுப் பார்த்தேன், அவள் சொல்லும்போது அதிரத்தான் செய்கிறது. எங்கே தவறு?

#9 சுண்ணக்கட்டி

அருமையான இடத்தைப் பிடித்திருக்கிறீர்கள். தவறு அவளுடைய தொண்டையில் இல்லை, 'ஜம்ப்' என்ற சொல்லில் இருக்கிறது. தமிழில் ம்-முக்குப் பின்னால் ப் வந்தால் அது எப்போதும் தளர்ந்துதான் ஒலிக்கும். 'பம்பரம்' சொல்லிப் பாருங்கள். முதல் ப வேறு, இரண்டாவது ப வேறு. 'தங்கம்' என்பதில் வரும் க-வும் அப்படித்தான் தளரும். அவள் 'ஜம்ப்' என்பதை பம்பரத்தின் இரண்டாவது ப போட்டுச் சொல்கிறாள். அப்படிச் சொன்னால் தொண்டை அதிரும், 'பாடு' டம்ளர்தான் சரி. அவள் தன் காதுக்கு நேர்மையாக இருந்திருக்கிறாள்.

பம்பரத்தின் முதல் ப-வைக் கடைசியில் வைத்து 'ஜம்ப்' சொல்லச் சொல்லுங்கள். வாய்க்கு முன்னால் ஒரு துண்டுக் காகிதத்தைப் பிடித்தால், சரியாகச் சொல்லும்போது காகிதம் ஆடும். 'தேங்க்' என்பதற்கு 'கண்' என்பதில் வரும் க. 'வான்ட்' என்பதற்கும் இதே சிக்கல் உண்டு, நம் வாய் 'வண்டி'யில் வருகிற ட போட்டுவிடும். ஆனால் அங்கே எப்படியும் 'இடு' டம்ளர்தான் என்பதால் தெரியாமல் போய்விடும்.

#10 தமிழையா

ஓய்வுபெற்ற தமிழாசிரியன் நான். ஆங்கிலம் எனக்குப் பாடம் இல்லை. ஆனால் பேத்திக்கு வீட்டுப்பாடம் பார்க்கும்போது கண்ட ஒன்றை இங்கே சொல்லாமல் இருக்க முடியவில்லை.

'ரன்' என்ற சொல்லோடு ஐ-என்-ஜி சேரும்போது என் என்ற எழுத்து ஏன் இரட்டிக்கிறது, 'ரெயின்' என்பதோடு சேரும்போது ஏன் இரட்டிக்கவில்லை என்று பேத்தி கேட்டாள். பள்ளியில் பட்டியலாகக் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொல்லியிருந்தார்கள். நான் அந்தப் பட்டியலைப் பார்த்தேன். பார்த்துக்கொண்டே இருந்தேன். இது நம் புணர்ச்சி விதியல்லவா!

கல் + இல் = கல்லில். கால் + இல் = காலில். தனிக்குறிலை அடுத்து மெய் நின்று, அதன்பின் உயிர் வந்தால் மெய் இரட்டும். நெடிலை அடுத்து நின்றால் இரட்டாது. பொன்னை, மீனை. கண்ணில், காணில். நன்னூல் படித்த எவருக்கும் இது தெரியும். படிக்காத குழந்தையும் பேச்சில் ஒருநாளும் தவறாது, 'கலில்' என்று எந்தக் குழந்தையும் சொல்வதில்லை. அதையே ஆங்கிலத்தில் வைத்துப் பாருங்கள். 'ரன்' தனிக்குறில், ரன்னிங் இரட்டும். 'ரெயின்' நெடில், இரட்டாது. 'சிட்' இரட்டும். 'சீட்' இரட்டாது. 'ஸ்டாப்' என்பதில் உயிர் ஒற்றை எழுத்து, இரட்டும். 'ஸ்லீப்' என்பதில் உயிருக்கு இரண்டு எழுத்து, இரட்டாது.

இன்னும் இருக்கிறது. கடல் + இல் = கடலில். இரண்டு குறில் இருப்பதால் தனிக்குறில் இல்லை, இரட்டவில்லை. ஆங்கிலத்தில் 'ஓபன்' ஓபனிங், 'விசிட்' விசிட்டிங், அங்கும் எழுத்து இரட்டவில்லை. காது + இல் = காதில், உகரம் ஓடிவிட்டது. 'மேக்' என்பதன் கடைசி இ, ஐ-என்-ஜி வந்ததும் அப்படியே ஓடிவிடுகிறது. பேத்தியிடம் கல், கால், காது மூன்றையும் சொல்லி, "உன் ஆங்கிலச் சொல் இந்த மூன்றில் எதன் கூட்டாளி?" என்று கேட்டேன். பட்டியலை மூடி வைத்துவிட்டு அவளே சொல்லச் சொல்ல எழுதினாள்.

இரண்டு மொழிக்கும் உறவு என்று நான் சொல்ல வரவில்லை. குறில் நெடில் அறிந்த பிள்ளைக்கு இந்த வாசல் ஏற்கெனவே திறந்திருக்கிறது, அதைப் பயன்படுத்துகிறோமா என்றுதான் கேட்கிறேன்.

#11 மொழிப்பித்தன்

ஐயா, வணங்குகிறேன். இதை இத்தனை தெளிவாக யாரும் எனக்குச் சொன்னதில்லை.

ஒரே ஒரு எச்சரிக்கை சேர்க்கலாம். 'கல்லில்' என்னும்போது நாம் உண்மையாகவே இரண்டு ல் ஒலிக்கிறோம். 'ரன்னிங்' என்று தமிழில் எழுதினாலும் ஆங்கிலத்தில் வாய் ஒரு ன்-தான் ஒலிக்கும். இரட்டை எழுத்து அங்கே கண்ணுக்கு மட்டும், 'முன்னால் இருப்பது குறில்' என்று சொல்லும் அடையாளம். எச்-ஓ-பி 'ஹாப்' என்றால் நொண்டியடிப்பது, கடைசியில் இ சேர்த்து 'ஹோப்' என்றால் நம்புவது. இரட்டை பி போட்டால் ஹாப்பிங், ஒற்றை பி போட்டால் ஹோப்பிங். ஒரு பி விட்டுப்போனால் நொண்டியடித்த முயல் நம்பிக்கை வைத்த முயலாகிவிடும்.

#12 ஸ்காபரோ_அம்மா

ஐயா, உங்கட கல், கால், காது மூன்றையும் ஃபிரிட்ஜ் கதவில் எழுதி ஒட்டியிருக்கிறேன். மகனுக்குத் தமிழ் வாசிக்க இப்பதான் சொல்லிக் குடுக்கிறேன். குறில் நெடில் படிப்பதால் ஆங்கிலத்துக்கும் உதவி எண்டதும் அவனுக்கே ஒரு உற்சாகம் வந்திருக்கிறது.

ஆனால் அவன் உடனே மடக்கினான். 'பிகின்' என்ற சொல்லில் இரண்டு அசை இருக்கு, ஏன் இரட்டை என்? 'ஃபிக்ஸ்' தனிக்குறில்தானே, ஏன் எக்ஸ் இரட்டிக்கவில்லை? பள்ளிக்கூடத்தில் 'டிராவலிங்' என்பதற்கு இரட்டை எல் போடச் சொல்லுகினம், அவன் பார்க்கிற அமெரிக்க நிகழ்ச்சியில் ஒரு எல்தான் வருது. இதுக்கு என்ன சொல்லுவது?

#13 சுண்ணக்கட்டி

உங்கள் மகன் நன்றாக வருவான் அக்கா.

'பிகின்' சொல்லும்போது அழுத்தம் எங்கே விழுகிறது என்று கேளுங்கள். கடைசி அசையில். அழுத்தம் விழுகிற அசை தனியாக நிற்கிற மாதிரி நடந்துகொள்ளும், அதனால் இரட்டும். 'ஓபன்', 'விசிட்' சொற்களில் அழுத்தம் முதல் அசையில், அதனால் இல்லை. எக்ஸ் என்பது பார்க்க ஒரு எழுத்து, வாயில் க், ஸ் இரண்டு மெய். ஐயாவின் விதியில் ஒற்றை மெய் வேண்டும், இங்கே இரண்டு இருக்கிறது, இரட்ட வழியில்லை. 'பிளே', 'ஷோ' சொற்களின் கடைசி எழுத்துகள் மெய்யெழுத்தாக ஒலிப்பதில்லை, உயிரோடு கரைந்து நெடிலாகிவிட்டன. அதனால் அவையும் இரட்டாது. 'டிராவல்' என்பதில் அழுத்தம் முதலில்தான், விதிப்படி ஒரு எல் போதும். 1828-இல் அகராதி வெளியிட்ட நோவா வெப்ஸ்டர் அப்படித்தான் எழுதினார், அமெரிக்கா அவர் வழியில் போனது. பிரிட்டன் பழைய இரட்டையை விடவில்லை. கனடாவும் இந்தியாவும் அந்தப் பக்கம். அவன் பள்ளிக்கு இரட்டை எல் எழுதட்டும், ஒற்றை எல் பார்த்தால் பிழை என்று நினைக்க வேண்டாம்.

இதெல்லாம் ஆறு வயதுக்கு அவசரமே இல்லை. இங்கிலாந்தில் 2014 முதல் நடக்கும் பாடத்திட்டத்திலேயே முதல் வருடம் அடிச்சொல் மாறாமல் வால் சேர்க்கிற சொற்கள் மட்டும்தான். இரட்டிப்பது, இ போவது, ஒய் ஐ-யாவது எல்லாம் இரண்டாம் வருடம். நாம் இங்கே எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் கொட்டுகிறோம்.

ஐ-என்-ஜியின் ஒலி பற்றியும் சொல்லிவிடுகிறேன். நம் பிள்ளைகள் 'சிங்கிங்கு' என்று ஒரு க் சேர்த்துச் சொல்வார்கள். தமிழில் ங் வந்தால் கூடவே க வந்தே பழக்கம். ஆனால் க இல்லாத ங-வும் நம்மிடம் உண்டு: 'அங்ஙனம்', 'இங்ஙனம்'. அதை நாலு தரம் சொல்ல வைத்து, அந்த ங-வில் நிறுத்தச் சொன்னால் 'சிங்ங்' அழகாக வரும். இத்தனை வருடத்தில் இதைவிட நல்ல வழி எனக்குக் கிடைக்கவில்லை.

#14 கோவை_அப்பா

அங்ஙனம் சொல்லிப் பார்த்தேன், பெரியவன் 'சிங்கர்' சொல்வது உடனே மாறியது. நான் முன்பு சொன்னதில் கொஞ்சம் மாற்றிக்கொள்கிறேன். கேட்கவிட்டால் வரும், ஆனால் எல்லாம் வருவதில்லை.

எஸ் வால் பற்றி யாரும் சொல்லவில்லையே? சின்னவன் 'ஹீ கோ', 'ஷி ரன்' என்றே எழுதுகிறான்.

#15 சுண்ணக்கட்டி

அதற்கும் மூன்று ஒலிதான் சார். அதிராததற்குப் பின் 'ஸ்': வாக்ஸ். அதிர்ந்தால் தேனீ ரீங்காரம் மாதிரி: ரன்ஸ். ஏற்கெனவே சீறுகிற ஒலியில் முடிந்தால் கூடுதல் அசை: வாஷிஸ், வாட்சிஸ். எழுத்தில் அங்கே இ-எஸ் வரும். 'டஸ்', 'செஸ்' இரண்டும் எழுத்துப்படி ஒலிக்காதவை, அப்படியே பழக்குங்கள்.

வாலை மறப்பது வேறு விஷயம். நம் வினை போகிறேன், போகிறாய், போகிறான் என்று எல்லோருக்கும் வால் வைக்கும். ஆங்கிலம் 'அவன், அவள், அது' மூவருக்கு மட்டும் வைக்கிறது. "போகிறான், போகிறாள், போகிறது என்று வந்தால் எஸ்" என்று சொல்லுங்கள். ரோஜர் பிரவுன் என்ற ஆய்வாளர் மூன்று குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து 1973-இல் எழுதியதில், ஐ-என்-ஜி-தான் முதலில் வருகிறது, இந்த எஸ் ரொம்பப் பின்னால்தான் வருகிறது. பொறுமையாக இருங்கள்.

#16 தென்காசிப்பெண்

மூன்று வாரம் ஆயிற்று, வந்து சொல்லாமல் இருக்க முடியவில்லை. பம்பர ப வந்துவிட்டது. ஜம்ப்ட் இப்போது 'பட்டு' டம்ளரில். அந்த இ எதற்கு என்றும் சொல்லிவிட்டேன். "முன்னாடி சத்தமா சொன்னாங்களாம், இப்ப எழுத மட்டும் செய்றாங்களாம்" என்று பக்கத்து வீட்டுப் பையனுக்கு விளக்கிக்கொண்டிருந்தாள்.

நேற்று அவளுடைய அப்பா போனில் எதையோ அனுப்பிவிட்டு, "வாட்ஸ்அப் பண்ணிட்டேன்" என்றார். இவள் தரையில் புளியங்கொட்டையோடு உட்கார்ந்திருந்தாள். 'வாட்ஸ்அப்... அப்... ப்' என்று தொண்டையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "வாட்ஸ்அப்ட்!" என்று 'பட்டு'வில் ஒரு கொட்டை போட்டாள். கூகிள்ட் 'பாடு'வில் போனது. யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

அப்புறம் "எடிட் பண்ணினா?" என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்து, 'எடிட்டிட்' என்று சொல்லி, கைதட்டி மூன்று எண்ணி, 'இடு'வில் போட்டாள்.

சுண்ணக்கட்டி சார், இப்போது அவள் 'கோட்', 'ஈட்டிட்', 'ரன்ட்' என்று எல்லாவற்றுக்கும் இடி போட ஆரம்பித்திருக்கிறாள். போன மாதம்வரை 'வென்ட்', 'ஏட்' என்று சரியாகச் சொன்னவள். திருத்தவா, விடவா?

#17 சுண்ணக்கட்டி

விடுங்கள் அம்மா. விதி அவளுக்குள் இறங்கிவிட்டது, அதனால்தான் எல்லாவற்றிலும் போட்டுப் பார்க்கிறாள். ஆங்கிலக் குழந்தைகளும் இந்தக் கட்டத்தைத் தாண்டித்தான் வருகிறார்கள். அவள் 'ஐ கோட்' என்றால் நீங்கள் "ஓ, யூ வென்ட்டா? எங்கே?" என்று பேச்சோடு பேச்சாகச் சரியான சொல்லைக் காதில் போடுங்கள். நிறுத்தித் திருத்த வேண்டாம்.

நாலாவதாக ஒரு டம்ளர் எடுத்து வையுங்கள். சீட்டில் 'தனி வழி' என்று எழுதுங்கள். வென்ட், ஏட், ரான், கேம், ஸா. வாரத்துக்கு மூன்று சொல், அதற்கு மேல் வேண்டாம்.